வேலையோடு கட்டப்பட்ட மருத்துவம்

மருத்துவ வசதி எட்டாத மக்களுக்கு அதை எட்டவைக்கும் வழி பற்றிப் பேசும்படி அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். உலகம் முழுவதையும் வைத்துப் பேசக்கூடிய தலைப்பு இது. நான் அதை மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவுக்கும் அதைச் சுற்றியுள்ள மலைக்கும் உட்பட்டே பேச விரும்புகிறேன். ஓர் ஊரில் பொறுப்பு யார் கையில் இருந்தது, எப்போது நழுவியது என்று கூர்ந்து பார்த்தால்தான் யாரிடம் என்ன கேட்பது என்பது தெளிவாகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரன் மலையில் மருத்துவமனை இருக்கிறது, கிளினிக்குகள் இருக்கின்றன, மருந்தும் மலிவு. ஆனாலும் சிகிச்சை கிடைக்காமலோ பாதியில் விட்டோ நோய் முற்றுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். தோட்ட மக்களின் உடல்நலப் பொறுப்பை நூறாண்டுகளுக்கு முன்பே வேலையோடு சேர்த்துக் கட்டிவிட்டதுதான் இதற்கு முதற்காரணம் என்பது என் வாதம். வேலை மாறியது, முதலாளி மாறினார், தொழிலாளி பிறந்த நாடே மாறியது. கட்டு மட்டும் மாறவில்லை. அதை அவிழ்த்து, ஒருவர் வசிக்கும் இடத்தோடு கட்ட வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

1. மலாயாத் தோட்டங்களுக்கு மருத்துவம் வந்ததற்குக் காரணம் சாவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டை வெட்டி ரப்பர் நட்ட தோட்டங்களில், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். 1901இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, கொசு பெருகும் இடத்தையே இல்லாமலாக்கிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். குன்றுப் பகுதித் தோட்டங்களில் அந்த முறை பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பிய கொசு இனம் வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதே அதற்கு வசதியாகிப் போனது. அதனால் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வாட்சனின் வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நோய் ஊரைப் பற்றி நிற்கிறது. ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயம் எந்த மேட்டில் இருக்கிறது என்பதைப் பற்றி நிற்கிறது. சம்பளப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை.

காலனி அரசாங்கம் எழுதிய சட்டமோ சம்பளப் பட்டியலைத்தான் பிடித்துக்கொண்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்துதரும் கடமையைத் தோட்ட முதலாளிமேல் வைத்தது. பெரிய தோட்டங்கள் ஆஸ்பத்திரி கட்டின, சில தோட்டங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒன்றை நடத்தின, சிறு தோட்டங்கள் தட்டிக்கழித்தன. 1924இல் தோட்டங்களின் சுகாதாரம் பற்றி ஆராய்ந்த ஆணையம் இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டது. பொறுப்பைத் தனித்தனி முதலாளியிடம் விட்டுவைக்காமல் வட்டாரத்துக்கொரு சுகாதார வாரியத்திடம் கொடுக்கும் யோசனை அதன் வழியே வந்து சட்டமாகவும் ஆனது, நிலைக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இடத்தை வைத்துப் பொறுப்பை வகுக்க வேண்டும் என்பது நான் இன்று புதிதாகக் கண்டுபிடித்த எண்ணமில்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் எழுந்து, கைவிடப்பட்ட எண்ணம்.

கேமரன் மலைத் தேயிலை இந்த ஏற்பாட்டுக்குள்ளேதான் வளர்ந்தது. போ நிறுவனம் 1929இல் தொடங்கியது, பாரத் தேயிலை 1933இல். வடக்கே கம்போங் ராஜாவை ஒட்டிப் புளூ வேலித் தோட்டம். மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு லயமும் ஆயாக் கொட்டகையும் கோயிலும் பள்ளியும் மருந்து கொடுக்கும் அறையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. மருந்தறையில் இருந்தவரை எல்லாரும் டிரஸ்ஸர் என்று அழைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1965இல் வந்த ஒரு சட்டம் அந்தப் பணியாளர்களைத் தோட்ட மருத்துவமனை உதவியாளர்கள் என்ற பெயரில் பதிவுக்குள் கொண்டுவந்தது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வீடு, தண்ணீர், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றோடு மருத்துவத்தையும் முதலாளியின் கடமைக்குள்ளேயே வைத்தது.

டிரஸ்ஸர் முறையை நான் குறைத்துப் பேச வரவில்லை. அவர் மருத்துவர் இல்லை. அவருடைய அறிவுக்கும் மருந்துப் பெட்டிக்கும் எல்லை இருந்தது. காய்ச்சல்காரனைப் போலிக்காரன் என்று சந்தேகித்து வேலைக்கு விரட்டும்படி தோட்டத் துரையிடமிருந்து நெருக்குதலும் இருந்தது. ஆனாலும் அவர் லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தார். எந்த வீட்டில் யார் கர்ப்பம், யாருக்கு ஆறாத புண், எந்தக் கிழவி இரவெல்லாம் இருமுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். நடுநிசியில் கதவைத் தட்டினால் அரிக்கேன் விளக்கோடு வெளியே வருவார். இன்றைய மருத்துவத்தில் அடிப்படைச் சுகாதாரம் என்று எதைப் போற்றுகிறோமோ, அதில் பாதி அந்த அண்மையிலேயே இருந்தது. அவரைப் பணியில் வைத்திருந்ததும் நீக்கக்கூடியதும் தோட்ட நிர்வாகமாக இருந்தது என்பதே அந்த முறையின் குறை. நிர்வாகத்துக்கு அவர் தேவைப்படாத நாளில் மக்களுக்கும் அவர் இல்லாமல் போனார்.

2. தோட்டத்துக்கு வெளியே நாடு வேறு பாதையில் நடந்தது. 1953 முதல் கட்டியெழுப்பப்பட்ட கிராமச் சுகாதாரச் சேவை மலேசியாவின் பெருமை. கம்பங்கள் என்னும் சிற்றூர்களில் கிராம கிளினிக், அதற்கு மேலே சுகாதார கிளினிக், அதற்கும் மேலே மாவட்ட மருத்துவமனை என்று அடுக்கடுக்காக அது வளர்ந்தது. பயிற்சி பெற்ற தாதியர் வீட்டுக்கு வீடு போய்ப் பிரசவம் பார்த்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். உலக நாடுகள் 1978இல் அல்மா அட்டாவில் கூடி அடிப்படைச் சுகாதாரத்தைப் பிரகடனம் செய்தபோது, அதில் பெரும்பகுதியை இந்த நாடு ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலை போடுவதும் மின்சாரம் கொடுப்பதும் முதலாளியின் வேலை என்று கிராம வளர்ச்சித் திட்டங்கள் ஒதுங்கிக்கொண்டதுபோலவே, கிராமச் சுகாதாரமும் தோட்ட எல்லையோடு பெரும்பாலும் நின்றது. ஒரே மாவட்டத்தில், ஒரே மழையில் நனையும் மக்களுக்கு இரண்டு மருத்துவ முறைகள் உண்டாயின. ஒன்று அரசாங்கத்துடையது, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. மற்றது தோட்டத்துடையது, ரப்பர் விலையோடும் தேயிலை விலையோடும் ஏறி இறங்கியது.

இரண்டு முறைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் பிறந்தவர் தோட்டத்திலேயே வேலை செய்து, அங்கேயே கண்மூடினார். அவருடைய வேலையும் வீடும் ஒன்றாகவே இருந்ததால், பொறுப்பை எதனோடு கட்டினாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. வேலையும் வீடும் பிரிந்தபோதுதான் இடைவெளி வெளிப்பட்டது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியபோது, பல்லாயிரம் தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். எஞ்சியவர்களின் பிள்ளைகள் பட்டணத்துக்கு இறங்கினார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். இருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் கொழுந்து வெட்டும் இயந்திரம், பல கைகளின் வேலையைத் தனதாக்கிக்கொண்டது. பெரிய தோட்டங்கள் சில இன்றும் தம் மக்களைக் கவனிக்கின்றன. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தக் கவனிப்பு எட்டாதவர்களின் தொகை கூடிக்கொண்டே போகிறது.

3. அந்தத் தொகையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கோலா தெர்லாவைப் போல் தெளிவாகக் காட்டும் ஊர் குறைவு. திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில், மலைச்சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரைப் பண்ணைகள் அடர்ந்த இந்த இடத்தில் எத்தனை வகை மக்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தின் நிரந்தரத் தொழிலாளி ஒருவர். தோட்டத்தில் ஓய்வுபெற்று மகன் வீட்டிலோ வாடகை அறையிலோ இருக்கும் மூதாட்டி ஒருவர். பண்ணையில் நாட்கூலிக்குப் போகிறவர், தற்காலிக உரிமத்தின்பேரிலோ அதுவும் இல்லாமலோ சொந்தமாகக் காய்கறி போடுகிறவர், பெர்மிட்டோடு வந்த அயல்நாட்டுத் தொழிலாளி, பெர்மிட் காலாவதியானவர், இந்த மலைக்கு எல்லாருக்கும் முன்னே உரியவர்களான செமாய்ப் பூர்வகுடியினர். ஒரே ஓடையின் தண்ணீர், ஒரே பூச்சிமருந்துக் காற்று, ஒரே நிலச்சரிவு ஆபத்து. மருத்துவத்துக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாசல்.

குடிமகனுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட். அயல்நாட்டவருக்கு மானியம் இல்லாத கட்டணம். வார்டில் சேர வேண்டுமென்றால் முன்பணம். 2011இல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கென மருத்துவக் காப்புறுதி கொண்டுவரப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா. அது மருத்துவமனையில் தங்குவதற்கும் அறுவை சிகிச்சைக்கும் உரியது. மாதாமாதம் இனிப்பு நீர் என்ற நீரிழிவுக்கு மாத்திரை வாங்குவதற்கு உதவாது. மேலும் அந்தக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டபோது, தோட்டத் தொழிலாளருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தோட்டம்தான் அவர்களைப் பார்த்துக்கொள்ளுமே என்ற பழைய எண்ணம் புதிய திட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டதாகவே இதை நான் வாசிக்கிறேன். வேலையிடத்து விபத்துக்கு ஈடு தரும் சொக்சோ திட்டத்துக்குள் அயல்நாட்டவர்கள் 2019 ஜனவரியில்தான் கொண்டுவரப்பட்டார்கள். ஆவணம் இல்லாதவர் நிலை இன்னும் கடினம். சிகிச்சைக்கு வரும் ஆவணமற்றவர்களைப் பற்றிப் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தகவல் தர வேண்டும் என்று 2001இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அது தெரிந்த ஒருவர் இருமலில் இரத்தம் வந்தால்கூடக் கிளினிக் வாசலை மிதிக்க அஞ்சுவார். அந்த இருமல் அவருடைய பெர்மிட்டோடு நிற்காமல் அறையில் கூடப் படுக்கும் எட்டுப் பேருக்கும் பரவும்.

2019இல் இதே கோலா தெர்லாவின் சுங்கை ஈச்சாட் பகுதியில், பல பத்தாண்டுகளாகக் காய்கறி பயிரிட்டுவந்த விவசாயிகளை, அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், மாநில அரசாங்கம் அகற்றியது இந்த அவைக்கு நினைவிருக்கும். நிலத்தின் சட்டநிலை பற்றிய வழக்கை நான் இங்கே எடுத்துப் பேசப் போவதில்லை. என் கவனம் வேறொன்றில் இருக்கிறது. சொந்தக் கணக்கில் உழைக்கும் அந்த விவசாயிக்கு முதலாளி இல்லை. ஆகவே தோட்டச் சட்டத்தின் மருத்துவக் கடமை அவருக்குப் பொருந்தாது. நிலம் அவர் பெயரில் இல்லை. ஆகவே அவர் குடியிருப்பு திட்டமிடுபவரின் வரைபடத்தில் ஊராகப் பதிவாகாது. வரைபடத்தில் ஊர் இல்லாத இடத்துக்குக் கிராம கிளினிக்கும் வராது, தாதியின் சுற்றுப்பயண அட்டவணையும் வராது. மருந்து தெளிப்பவர் அவரே, அதைச் சுவாசிப்பவரும் அவரே. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களில் அதைத் தெளித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அந்தப் பெண்களின் கண்ணெரிச்சலையும் மூக்கில் வடிந்த இரத்தத்தையும் நகம் கழன்றதையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு தடை அறிவிக்கப்பட்டது, 2006இல் தளர்த்தப்பட்டது, முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் தெளிப்பான் பெட்டியை முதுகில் சுமந்தவர்களின் உடல்நிலையை இன்று யார் தொடர்ந்து கவனிக்கிறார்கள்? அவர்கள் அந்தத் தோட்டத்தில் இப்போது வேலை செய்யவில்லை. பொறுப்பு வேலையோடு கட்டப்பட்டிருந்தால், நஞ்சின் விளைவு வெளிப்படும் வயதில் பொறுப்பாளி யாரும் இருப்பதில்லை.

4. 1 ரிங்கிட்டுக்கு மருத்துவம் கிடைக்கும் நாட்டில் ஏழைக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 1 ரிங்கிட் உலகமே வியக்கத்தக்க ஏற்பாடு. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நோயாளி உண்மையில் கொடுக்கும் விலை எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 காசு. நாட்கூலிக்காரர் ஒருவர் கிளினிக்குக்குப் போக ஒரு நாள் வேலையை விட்டால், 1 ரிங்கிட் மருந்தின் விலை அங்கேயே 66 ரிங்கிட் ஆகிவிடுகிறது. துணைக்கு வரும் மகளும் வேலைக்குப் போகிறவள் என்றால் அது இரட்டிப்பாகும். அதற்கு மேல் வண்டிக் கூலி. வேலைச் சட்டம் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு தருகிறதே என்று சொல்லலாம், தருகிறது. எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்று கிடைத்தால் விடுப்பு உண்டு. ஆனால் நோய் முற்றாமல் பார்த்துக்கொள்ளும் தொடர் பரிசோதனைக்குப் போகிறவருக்குப் பல வேளைகளில் கிடைப்பது வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப்தான். அந்தச் சீட்டைக் காட்டிச் சம்பளம் கேட்கும் துணிவு, ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவருக்கு இருக்காது.

இனிப்பு நீரை வைத்தே இதைப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. நாடு முழுவதும் நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. இந்த நோய் ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பதில்லை. மாதாமாதம் மாத்திரை, சில மாதங்களுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை, ஆண்டுக்கொரு முறை கண்ணும் காலும் பார்ப்பது என்று வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போகிறவர் திரிங்காப், கியா பார்ம், பிரிஞ்சாங் மூன்றையும் தாண்ட வேண்டும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் சுற்றுலா வண்டிகள் அந்த ஒற்றைச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பதை இங்கே எல்லாரும் அறிவீர்கள். அது மாவட்ட மருத்துவமனை; நிபுணர் சிகிச்சை வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். மாநிலத் தலைநகர் குவாந்தான் தீபகற்பத்தின் மறுகரையில் இருக்கிறது. சிம்பாங் பூலாய் சாலை வழியே ஈப்போ பக்கம். ஆனால் அது பேராக் என்ற வேறு மாநிலம். மலைச்சாலை மாநில எல்லையை மதிப்பதில்லை, நிர்வாகக் கோப்பு மதிக்கிறது. மூன்று மாதம் தவறவிட்ட மாத்திரையின் விலையை நோயாளி பத்தாண்டு கழித்துக் கட்டுகிறார். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில். அந்த நிலைக்கு வந்தவர் மலையில் வேலை செய்யவே முடியாது. பலர் மலையை விட்டே போக நேரிடுகிறது.

பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் கை ஓங்க ஓங்க இந்த ஏறுமாறு கூடுகிறது என்றார். தனியார் கிளினிக்குகள் சுற்றுலாப் பட்டணங்களைச் சுற்றியே திறக்கப்படுவதைக் கண்ட இந்த மலைவாசிகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவம் ஏறத்தாழ இலவசமான நாட்டிலும் தூரமும் கூலியிழப்பும் சந்தையின் வேலையைச் செய்துவிடும் என்பதை மட்டும் அவர் சொன்னதோடு நான் சேர்த்துக்கொள்வேன்.

5. இடத்தோடு பொறுப்பைக் கட்டுவது என்றால் நடைமுறையில் என்ன? கோலா தெர்லாவைச் சுற்றி ஓர் எல்லை வரைந்து, அதற்குள் தூங்கி எழும் ஒவ்வொருவரையும், தோட்ட லயமோ பண்ணைக் கொட்டகையோ பூர்வகுடிக் கம்பமோ, ஒரு பெயர்ப்பட்டியலில் எழுதி, அவர்களின் உடல்நலத்துக்கு ஒரு குறிப்பிட்ட சுகாதாரக் குழுவைப் பொறுப்பாக்குவது. அந்தப் பட்டியல் மருத்துவப் பட்டியலாக மட்டுமே இருக்க வேண்டும். குடிநுழைவுத் துறையின் கைக்குப் போகாது என்ற உறுதி சட்டப்படி இருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறாமல் இது நடக்காது. பட்டியலில் இருப்பவர் வராவிட்டால் குழு தேடிப் போக வேண்டும். இன்று கிளினிக்கின் கணக்கு வந்தவர்களை எண்ணுகிறது. வராதவர்களையும் எண்ண வேண்டும்.

தேடிப் போவது நடக்கிற காரியமா என்ற ஐயத்துக்குத் தமிழ்நாட்டில் பதில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலராகப் பயிற்சி பெற்று, வீட்டுக்கு வீடு சென்று இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பொன்றின் விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் பெண்களின் ஊதியம் போதாது என்ற குறை நியாயமானது. நாம் பின்பற்றும்போது அந்தக் குறையையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டியதில்லை. நம் மலைக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு நீலகிரியின் கூடலூர். தேயிலையும் காடும் பழங்குடிச் சிற்றூர்களும் கலந்து கிடக்கும் அந்தப் பகுதியில், அஸ்வினி என்ற அமைப்பு ஊர்களில் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கியபின், 1990இல் ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியது. பழங்குடிப் பெண்களே தாதியராகப் பயிற்சி பெற்றார்கள். அங்கே முதலில் ஆள், பிறகு கட்டடம். நாம் வழக்கமாகக் கட்டடத்துக்கே அடிக்கல் நாட்டுகிறோம்.

தொலைமருத்துவமும் அஞ்சல்வழி மருந்தும் இருக்கும்போது ஆள் எதற்கு என்று கேட்கலாம். மருந்தை அஞ்சலில் அனுப்பும் சேவையும், தொடர்மருந்தை வேறு அரசாங்க கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் சுகாதார அமைச்சிடம் உண்டு, இரண்டும் நல்லவை. ஆனால் பண்ணைக் கொட்டகைக்குக் கதவு எண் இல்லை. திரையில் தெரியும் மருத்துவர் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க முடியாது. கைப்பேசி அலை எட்டாத பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. கருவிகளைப் பயன்படுத்தும் ஆள் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால்தான் அவை பயன்படும். டிரஸ்ஸர் இருந்த இடத்தில், அரசாங்கச் சம்பளத்தில், இரத்தம் எடுக்கவும் காயம் கட்டவும் தொலைமருத்துவரோடு பேசவும் தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள் என்று நான் கேட்பது இதனால்தான். தமிழும் தெரிந்திருக்க வேண்டும். வங்காளமோ நேப்பாளியோ பேசும் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். தலைசுற்றலுக்கும் மயக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சைகையால் சொல்ல முடியாது.

இன்னொரு தடை சற்றுக் கனமானது. அரசாங்கம் பொறுப்பேற்றால் முதலாளிகள் கைகழுவிவிடுவார்களே என்று தொழிற்சங்கத்தில் உழைத்தவர்கள் அஞ்சுகிறார்கள். இலங்கை மலையகத்தில் தோட்ட மருத்துவமனைகளை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியபின், அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, நிர்வாகமும் அரசாங்கமும் ஒன்றையொன்று காட்டி ஒதுங்கிய இடங்கள் இருந்தன. ஆகவே அச்சம் பொய்யில்லை. விடை, முதலாளியின் பணத்தை விடாமல் அவருடைய நிர்வாகத்தை மட்டும் நீக்குவதில் இருக்கிறது. தோட்டமும் பெரிய பண்ணையும், தலைக்கு இவ்வளவு என்று, ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் சேர்த்து, வட்டாரச் சுகாதார நிதிக்குக் கட்ட வேண்டும். சொக்சோவுக்குச் சந்தா வாங்கத் தெரிந்த நாட்டுக்கு இது புதிய வித்தை இல்லை. 1924இல் பேசப்பட்ட சுகாதார வாரியம் இதற்கு நெருங்கிய ஒன்றே.

வெளிநாட்டவருக்கு ஏன் நம் வரிப்பணம் என்ற கேள்வி கோபத்தோடு கேட்கப்படுகிறது. கேட்பவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளிக்காக அரசாங்கம் முதலாளியிடம் ஆண்டுதோறும் தீர்வை வசூலிக்கிறது. அதில் ஒரு பங்கு அவர் உடலுக்குத் திரும்பி வருவது தானமாகாது. தொற்றுநோய்கள் குடியுரிமை கேட்டுப் பரவுவதில்லை என்பதைக் கோவிட் காலத்தில் தொழிலாளர் விடுதிகள் நமக்குக் கற்பித்தன. நூறாண்டுகளுக்கு முன் கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் காய்ச்சலோடு கிடந்த தமிழனைப் பார்த்து, இவன் வெளிநாட்டான்தானே என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தக் கேள்வியின் மறுமுனையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

6. கடைசியாக, இதெல்லாம் புத்ராஜெயாவில் உள்ள அரசாங்கம் மனம்வைத்தால்தான் நடக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சில வாசல்கள் இப்போதே திறந்திருக்கின்றன. 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், வருமானம் குறைந்த 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசப் பரிசோதனையும், சில சிகிச்சைகளுக்கான மருத்துவமனைப் பயணத்துக்குத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை போக்குவரத்து உதவியும் தருகிறது. பயணச் செலவும் மருத்துவச் செலவுதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட திட்டம் இது. அந்த 500 ரிங்கிட் எல்லை, அடிக்கடி மருத்துவமனைக்குப் போகிறவருக்குச் சில வாரங்களில் கரைந்துவிடும். மலை மாவட்டங்களுக்கு அந்த எல்லையை உயர்த்தும்படி கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது; சபா, சரவாக்குக்கு 1,000 ரிங்கிட் என்று ஏற்கெனவே வேறு அளவு வைத்திருக்கிறார்கள். தூரத்தைக் காரணமாக ஏற்றவர்கள் மலைப்பாதையையும் காரணமாக ஏற்கலாம்.

இரண்டாவது வாசல், சுகாதார கிளினிக்குகளுக்கென ஊர்மக்களைக் கொண்டு அமைக்கப்படும் ஆலோசனைக் குழு. அதில் கடைக்காரரும் ஊர்த்தலைவரும் இருப்பார்கள். கொழுந்து வெட்டும் பெண் ஒருவரும், பண்ணைக் கூலி ஒருவரும், செமாய்க் கம்பத்திலிருந்து ஒருவரும் அதில் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். குழுவின் முதல் கூட்டத்தில் ஒரே ஒரு கணக்கை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். கடந்த ஓராண்டில் இந்த வட்டாரத்திலிருந்து தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், சேராதவர்கள் எந்த லயத்திலும் எந்தக் கொட்டகையிலும் இருக்கிறார்கள் என்ற கணக்கு. கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் அந்த மூவரும் வர முடியாது, சம்பளம் போகும். மாலையில், வேலை முடிந்தபின், கோலா தெர்லாவிலேயே வைக்கச் சொல்லுங்கள்.